ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்தவர்

1957-ஆம் வருஷம், பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. புதுச்சேரிக் கடற்கரைக்குப் பின்னால், வெள்ளைக்காரர்கள் குடியிருந்த தெரு ஒன்றில், ஒரு பெரிய வீட்டு முற்றத்தில் நடந்தது இது.

பிள்ளைகளே, நம் வீட்டு டி.வி.யில் ஒரு வெளிநாட்டு நிகழ்ச்சி வருகிறதே, ஜனங்கள் பழைய சாமான்களைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்களே, கண்ணாடி போட்ட நிபுணர் ஒருவர் தடவிப் பார்த்து, கவிழ்த்துப் பார்த்து, இது இந்த ஊரில் இந்தக் காலத்தில் செய்தது என்று சொல்வாரே, அந்த நிகழ்ச்சி. நீங்கள் எல்லோரும் ஆசையாகப் பார்ப்பீர்கள். நான் மட்டும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். "அப்பாவுக்கு இங்கிலீஷ் புரியலை" என்று சிரிப்பீர்கள். எனக்கு இங்கிலீஷ் புரியாது என்பது உண்மைதான். ஆனால் நான் எழுந்து போவது அதனால் அல்ல. நான் அதிகம் படித்தவன் இல்லை. எனக்குத் தெரிந்தபடி எழுதுகிறேன், படித்துப் பாருங்கள்.

எங்களுடையது மீனவக் குடும்பம். ஊருக்கு வடக்கே குப்பத்தில் இருந்தோம். என் அப்பா நான் சிறியவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா கூடை தூக்கி மீன் விற்று என்னையும் என் அண்ணனையும் வளர்த்தார். அண்ணன் கடலுக்குப் போகவில்லை. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகச் சேர்ந்து சைகோனுக்குக் கப்பலேறிவிட்டார். சொல்தா என்றால் சிப்பாய். அப்போது எங்கள் ஊரில் அது பெரிய கௌரவம். நீங்கள் பார்க்காத உங்கள் பெரியப்பா அவர்.

அங்கே நடந்த சண்டையில் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றார்கள். ஏராளமான சொல்தாக்கள் எதிரிகளிடம் பிடிபட்டார்கள். பிறகு விடுதலையாகி வந்தவர்களில் அண்ணன் இல்லை. செத்துப்போனவர்களிலும் அவர் பெயர் இல்லை. 'காணவில்லை' என்று மட்டும் சர்க்காரிலிருந்து சொன்னார்கள்.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கடலுக்குப் போனவன் உடம்பு கரைக்கு வராவிட்டால், ஊர்ப் பெரியவர்கள் கொஞ்ச காலம் பார்த்துவிட்டு, கரையிலேயே காரியம் செய்யச் சொல்வார்கள். அன்றைக்குத்தான் அவன் பெண்சாதி தாலியைக் கழற்றுவாள். அண்ணனுக்கும் அப்படிச் செய்துவிடலாம் என்று பேச்சு கிளம்பிய சமயத்தில்தான், அவரோடு பட்டாளத்தில் இருந்த அவருடைய கூட்டாளி ஊர் திரும்பினார்.

கப்பல் தூரத்தில் நிற்கும். ஆட்களைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். படகு மணலில் தட்டுவதற்குள் அம்மா தண்ணீரில் இறங்கி ஓடி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். நானும் அண்ணியும் பின்னாலேயே ஓடினோம். அண்ணன் நன்றாக இருக்கிறார் என்றார் அவர். உள்நாட்டில் ஏதோ ஓர் ஊரில் வேலையாக இருக்கிறார், ஊர்ப் பெயர் வாயில் நுழையாத பெயர், வீட்டுக்கு ஒரு சாமான் கொடுத்தனுப்பியிருக்கிறார், அது மெட்ராஸ் வழியாக வரும் பெட்டியில் இருக்கிறது என்றார். கொஞ்ச நாளில் அந்தச் சாமானைக் கொண்டுவந்தும் கொடுத்தார்.

அது ஒரு வெள்ளைப் பீங்கான் ஜாடி. நீல மையில் ஓர் ஆறு, கரையில் மூங்கில், ஆற்றில் ஒரு படகு, படகில் வலை வீசும் ஆள். "பாத்தியாடி, படகப் பாத்துட்டு வாங்கியிருக்கான் எம்புள்ள" என்று அம்மா அண்ணியிடம் காட்டிக் காட்டிப் பூரித்தார். சாமி மாடத்தில் வைத்துக் குங்குமம் இட்டார். காரியப் பேச்சு நின்றது. அண்ணி மறுபடி தலை நிறையப் பூ வைக்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒரு தகவலும் இல்லை. ஊர்ப் பெயரையாவது யோசித்துச் சொல்லுங்கள் என்று அண்ணி அந்தக் கூட்டாளியிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் மழுப்பினார். பிறகு குப்பத்துப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டு, நெல்லித்தோப்பில் குடியேறிவிட்டார். ஊர்ப் பெரியவர்கள் மறுபடி காரியப் பேச்சுக்குத் தொண்டையைக் கனைக்க ஆரம்பித்தார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்த பிறகு, பல வெள்ளைக்காரக் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த காலம் அது. ஒரு வியாபாரி குடும்பம் தங்கள் மேஜை, நாற்காலி, படங்களையெல்லாம் மதிப்புப் போட பாரிஸிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்திருந்தது. புறப்படுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர் ஜனங்களும் தங்கள் பழைய சாமான்களைக் கொண்டுவந்து காட்டலாம், சும்மாவே பார்த்துச் சொல்வார் என்று அந்த வீட்டு மதாம், அதாவது எஜமானியம்மா, சொல்லிவிட்டார். அம்மா அந்த வீட்டுக்கு மீன் கொடுப்பவர். சமையல்காரர் மூலம் விஷயம் அம்மா காதுக்கு வந்தது. எதையும் கவிழ்த்துப் பார்த்தே எந்த ஊரில் செய்தது என்று சொல்லிவிடுவாராம் அந்த வெள்ளைக்காரர்!

அம்மாவுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

"ஜாடி எந்த ஊருன்னு அவரு சொல்லிட்டாருன்னா எம்புள்ள எந்த ஊருல இருக்கான்னு தெரிஞ்சிபூடும். அந்த ஊருக்குக் கடுதாசி போடலாம், ஆள அனுப்பலாம்" என்றார்.

இதைக் கேட்டு உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எங்களுக்கு அது சரியாகவே பட்டது. மீன் எந்தக் கரையில் பிடிபட்டது என்று தொட்டுப் பார்த்தே சொல்கிறவர் அம்மா. பீங்கானுக்கும் அப்படி ஒருவர் இருப்பார் என்று நினைத்ததில் என்ன தப்பு?

புதுக்கூடையில் வைக்கோல் பரப்பி, ஜாடியை வைத்து, அம்மாவே தலையில் தூக்கிக்கொண்டார். வழியில் கூட மீன் விற்கும் பெண் ஒருத்தி, "இன்னாக்கா, இன்னிக்கு வைக்கோலு மீனா?" என்று கிண்டல் செய்தாள்.

"போடி. எம்புள்ள ஊரக் கேக்கப் போறேன். வந்து சொல்றேன், வாயப் பொளந்துக்கினு கேளு" என்றார் அம்மா.

அந்த வீட்டில் அம்மா அதுவரை கொல்லைப் பக்கமாகத்தான் போயிருக்கிறார். அன்றைக்குத்தான் முதல்முதலாக வாசல் வழியாகப் போனோம். முற்றத்தில் கூட்டம். நடுவில் ஒரு மேஜை போட்டு அந்த நிபுணர் உட்கார்ந்திருந்தார். நரைத்த தாடி, சுருட்டிவிட்ட சட்டைக்கை, பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடியும் சிறிய டார்ச் விளக்கும். அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல, கோர்ட்டில் வேலை பார்த்த நம்மூர்க்காரர் ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு நின்றார்.

எங்களுக்கு முன்னால் ஒருவர் சரிகைத் தலைப்பாகையோடு ஒரு வாளைக் கொண்டுவந்திருந்தார். தன் பாட்டனாருக்கு ஒரு கவர்னர் பரிசாகக் கொடுத்த வாள் என்றார். நிபுணர் வாளின் முனையை விரலால் வளைத்துப் பார்த்தார். அது தென்னை ஈர்க்கு மாதிரி வளைந்தது. நாடகத்தில் பிடிக்கிற வாள் இது, தகரம், என்றார். "யோவ், உங்க தாத்தா சண்டைக்குப் போவல, கூத்துக்குப் போயிருக்காரு!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். முற்றமே சிரித்தது. அம்மாவும் சிரித்தார். அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

எங்கள் முறை வந்தது. கோட்டுக்காரர், "விலை கேக்குறியாம்மா?" என்றார்.

"விலை யாருக்கு வேணும்? இது எந்த ஊருன்னு மட்டும் கேளுங்க முசே" என்றார் அம்மா. முசே என்றால் ஐயா.

நிபுணர் இரண்டு கையாலும் ஜாடியை வாங்கினார். படகைப் பார்த்துப் புன்னகை செய்தார். பிறகு கவிழ்த்தார். அடிப்பாகத்தைப் பார்த்ததும் அந்தப் புன்னகை போய்விட்டது. கட்டைவிரலால் அங்கே தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். ஜாடிக் கழுத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கோட்டுக்காரரைக் கிட்டே கூப்பிட்டு உள்ளே எதையோ காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சில வகுப்பு படித்தவன். பேச வராது, காதில் விழுந்தால் பாதி புரியும். நிபுணர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோட்டுக்காரர் சொன்னார்: "இது ஜப்பான்ல மிஷின்ல செஞ்சதுன்றாரும்மா. பழைய சாமான் இல்லியாம்."

அம்மா இரண்டு கையையும் தட்டினார். "ஜப்பானா! கேட்டியாடி, ஜப்பான்ல இருக்கானாம்! அந்தப் பேருதான் அவன் கூட்டாளிக்கு வாயில நொழையலியாமா? ஜப்பான், ஜப்பான். எனக்கே நொழையிதே!"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். இந்த அம்மாள் ஏன் சந்தோஷப்படுகிறார் என்று நிபுணர் கேட்டார். கோட்டுக்காரர் அம்மாவிடம் இரண்டொரு கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டு அவருக்குச் சொன்னார். அதைக் கேட்டதும் அந்தப் பெரிய மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். சிரித்துக்கொண்டிருந்தவர்களும் அடங்கிவிட்டார்கள். அவர் ரொம்பத் தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கோட்டுக்காரர் அம்மா முகத்தைப் பார்க்காமல் தமிழில் சொன்னார்.

"அம்மா, உங்க புள்ள ஜப்பான்ல இல்ல. இந்த ஜாடி ஜப்பான்ல செஞ்சி மெட்ராஸுக்குக் கப்பல்ல வர்ற சாமான். அடியில ஜப்பான்னு அச்சு இருந்திருக்கு, யாரோ கல்லுல தேச்சு எடுத்திருக்காங்க. உள்ள பாருங்க, கழுத்துல மெருகு இல்லாத எடத்துல கடைக்காரன் பென்சில்ல விலை போட்டிருக்கான். அணாக் கணக்கு. சைகோன்ல ஏதும்மா அணா?"

அம்மா ஜாடியை நிபுணர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இவருக்குத் தெரியல" என்றார். "எனக்கு மீனு தெரியிற மாதிரி இவருக்கு ஜாடி தெரியல. வா போலாம்."

கோட்டுக்காரர் அதையும் பிரெஞ்சில் சொல்லிவிட்டார். நிபுணர் கோபப்படவில்லை. ஆமாம், நான் தப்பாகச் சொல்லியிருக்கலாம், அதை அந்தத் தாயிடம் சொல்லுங்கள் என்றார். வாசல்வரை எங்களோடு நடந்து வந்தார். அவர் கண்ணைப் பார்த்தேன். தான் சொன்னது தப்பில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி, "தம்பி, நெல்லித்தோப்புக்குப் போவணும், கூட வா" என்றார். அம்மா ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை.

அந்தக் கூட்டாளி வீட்டு வாசலில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். அண்ணியைப் பார்த்ததும் ஊசி கையிலேயே நின்றுவிட்டது.

"உள்ள அணா போட்டிருக்குது, அண்ணே" என்றார் அண்ணி. அவ்வளவுதான் சொன்னார்.

அவர் மறைக்கப் பார்க்கவில்லை. எத்தனை நாளாக இதற்குக் காத்திருந்தாரோ தெரியவில்லை. செருப்பைக் கீழே வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். பிடிபட்ட பிறகு காட்டு வழியாக நடத்திக்கொண்டே போனார்களாம். அண்ணனுக்கு வயிற்றுக்கடுப்பு கண்டதாம். இவர் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாராம். ஒரு நாள் காலையில் எழுப்பியபோது அண்ணன் எழுந்திருக்கவில்லையாம்.

"எந்த ஊரு?" என்றார் அண்ணி.

"ஒரு ஆத்தங்கரை. பேரு தெரியாது தங்கச்சி. இது நெசமாவே தெரியாது."

"மண்ணு போட்டீங்களா?"

"போட்டேன். கையாலயே தோண்டினேன்."

"எனக்கு ஏதாச்சும் சொன்னாரா?"

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். ஒரு நல்ல வார்த்தை தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார். "தண்ணி கேட்டான். வேற ஒண்ணும் சொல்லல. இனிமே உங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். கப்பலிலிருந்து இறங்கும்போது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் மனசில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாராம். அம்மா தண்ணீரில் ஓடிவந்து சட்டையைப் பிடித்து, எப்படி இருக்கிறான் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாராம். "எம்புள்ள எனக்கு இன்னா குடுத்தனுப்பினான்னு கேட்டாங்க. என் வாயில, பொட்டியில வருதும்மான்னு வந்துடுச்சு. அப்புறம் மெட்ராஸுக்குப் போய்த் தேடினேன். படகு போட்டிருந்துச்சு, அதான் அத வாங்கினேன்." இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அவரைத் திட்ட வேண்டும் என்று ஆத்திரமாகத்தான் போனேன். அண்ணி திரும்பியதும் நானும் பின்னாலேயே வந்துவிட்டேன்.

திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அண்ணி அழவில்லை. கடைத்தெருவில் பூக்காரி முன்னால் நின்றார். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் பூ வாங்குவார்.

"ரெண்டு மொழமா, அக்கா?" என்றாள் பூக்காரி.

"ரெண்டு மொழம்" என்றார் அண்ணி. வாங்கி, அங்கேயே நின்று தலையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் வந்த பிறகு சொன்னார்: "அத்தகிட்ட சொல்லாத தம்பி. பூ வெக்காம போனா அத்தைக்குத் தெரிஞ்சிடும். அவங்க தாங்க மாட்டாங்க."

"அப்ப நீங்க, அண்ணி?"

"நான் இப்பிடியே இருந்துக்கறேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை சாமி மாடத்தில் ஜாடி இல்லை. தேடிப் பார்த்தேன். அடுப்பங்கரையில் இருந்தது. கல்லுப்பு போட்டு மூடியிருந்தார் அம்மா. நிபுணர் சொன்னதை அம்மாவும் நம்பிவிட்டார் என்று அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அம்மாவும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ ரெண்டெழுத்து படிச்சவன். அந்த வெள்ளைக்காரரு சொன்னது உனக்கும் புரிஞ்சிருக்கும். அவகிட்ட மட்டும் சொல்லிடாதடா. சின்னப் பொண்ணு. தாலியக் கழட்டிட்டு எம் முன்னால எப்பிடி நடமாடுவா?"

அண்ணிக்குத் தெரியும் என்று அம்மாவிடம் சொல்ல முடியாது. அம்மாவுக்குத் தெரியும் என்று அண்ணியிடம் சொல்ல முடியாது. இரண்டு பேரிடமும் வாக்குக் கொடுத்தவன் நான்.

ஊர்ப் பெரியவர்கள் காரியத்தைப் பற்றிக் கேட்க வந்தார்கள். "எம் மவன் இருக்கான், வருவான்" என்றார் அம்மா, அண்ணி காதில் விழும்படியாக. "ஆமாங்க, வருவாரு" என்றார் அண்ணி, அம்மா காதில் விழும்படியாக. பெரியவர்கள் என்னைப் பார்த்தார்கள். நானும் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அம்மா, "அவன் வந்தா இந்த மீனத்தான் கேப்பான்" என்பார். "புளி கொஞ்சம் தூக்கலா கேப்பாரு" என்பார் அண்ணி. இரண்டு பேரும் ஒப்புக்குச் சிரிப்பார்கள். நான் சீக்கிரம் கை கழுவி எழுந்துவிடுவேன். செத்துப்போன பிள்ளைக்காக அம்மா ஒரு நாள் வாய்விட்டு அழவில்லை. செத்துப்போன புருஷனுக்காக அண்ணி ஒரு நாள் மூலையில் உட்காரவில்லை. சில நாள் கடலுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டு வருவார்கள், தனித்தனியாக. வரும்போது முகம் கழுவியிருக்கும்.

அம்மா உள்ளுக்குள்ளேயே கரைந்துபோனார். மூன்று வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார். 1960 மழைக்காலத்தில், கூடை தூக்க முடியாமல் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

உடம்பைக் கிடத்தியதும் குப்பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அதுவரை அடக்கமாக நடமாடிக்கொண்டிருந்த அண்ணி, அம்மாவின் காலடியில் விழுந்தார். அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அம்மாவை அழைத்து அழவில்லை. அண்ணன் பெயரைச் சொல்லி அழுதார். "தண்ணி கேட்டியாமே, தண்ணி கேட்டியாமே" என்று தரையில் அடித்துக்கொண்டார். சுற்றியிருந்த பெண்கள் ஒன்றும் புரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மூத்தவள் ஒருத்திக்குப் புரிந்தது. அவள் எழுந்து வந்து அண்ணியின் தலையிலிருந்த பூவை மெதுவாக எடுத்தாள். புருஷனுக்காக அழ, மூன்று வருஷம் அந்தப் பெண்ணுக்கு ஒரு சாவு வீடு கிடைக்கவில்லை.

கூட்டாளியும் வந்திருந்தார். கிட்டே வரவில்லை. தூரத்தில் மணலில் நின்றுவிட்டுப் போய்விட்டார். அண்ணியும் அதற்குப் பிறகு ரொம்ப நாள் உயிரோடு இருக்கவில்லை.

நல்ல பாடமாக ஒன்றைச் சொல்லி முடிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் எத்தனை தரம் யோசித்தாலும் குற்றவாளி என்று யாரையும் என்னால் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொருவரும் இன்னொருவர் அழக்கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டோம், அந்த அன்பினாலேயே ஒரே கூரையின் கீழ் மூன்று பேரும் தனித்தனியாகச் செத்தோம் என்பதை இன்றைக்கும் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.